சங்கரா மீன் செதிலும் என் கடைசி அத்தியாயமும்

என் வேலை உருண்டை வளர்ப்பது. இப்படிச் சொன்னால் சொந்தக்காரர்கள் எள்ளுருண்டை, பொரியுருண்டை என்று ஆரம்பித்துவிடுவார்கள். விளக்கமாகச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். அதனால் ஆறு வருடமாக ‘கேன்சர் ஆராய்ச்சி’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். உடனே யாராவது ஒருவர் தன் முழங்கால் வலிக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்பார். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று குடும்பத்தில் பெயர் வாங்கியது இப்படித்தான்.

விஷயம் இவ்வளவுதான். புற்றுநோய் செல்களை ஆய்வகத்தில் வழக்கமாகத் தட்டையான பிளாஸ்டிக் தட்டில் வளர்ப்பார்கள். கல்யாண மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்த சொந்தக்காரர்கள் மாதிரி செல்கள் தட்டின் அடியில் பரவிக் கிடக்கும். மேலே மருந்தை ஊற்றினால் எல்லாம் ஒன்றாகச் செத்துப்போகும். ஆனால் உடம்புக்குள் எந்தக் கட்டியும் பாய் போட்டுப் படுத்திருப்பதில்லை. உருண்டு திரண்டு, ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. மருந்து வெளியே இருப்பதைக் கொல்கிறது, உள்ளே இருப்பது தப்பித்துக்கொள்கிறது. தட்டில் ஜெயித்த மருந்து நோயாளியிடம் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் செல்களை ஜெல்லுக்குள் புதைத்து, எல்லாப் பக்கமும் வளரவிட்டு, உருண்டையாக்கி, அதன்மேல் மருந்தைச் சோதிப்பார்கள். ஓர் உருண்டை கடுகில் கால்வாசி இருக்கும். நான் வளர்த்தவை ஈரல் புற்றுநோய் உருண்டைகள்.

அந்த ஜெல் வெளிநாட்டிலிருந்து ஐஸில் வரவேண்டும். சூடு பட்டால் உறைந்துவிடும் குணம் அதற்கு. எங்கோ ஒரு கிடங்கில் நாலு நாள் கிடந்து, ஐஸ் எல்லாம் தண்ணீராகி, செங்கல்பட்டுப் பக்கத்தில் இருந்த எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேரும்போது குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் அசையாது. மூன்றாவது முறை அப்படி வந்தபோது என் நெறியாளர், நாங்கள் ‘சார்’ என்று அழைப்பவர், குப்பியை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீ எங்கம்மா குடியிருக்கே?”

“புதுப்பட்டினம் சார்.”

“கடலுக்குப் பக்கத்துல குடியிருந்துக்கிட்டு எதுக்கும்மா ஜெல்லுக்கு வெளிநாட்டைப் பாக்கணும்? இந்த ஜெல்லு கொலாஜன்ங்கற புரதம்தான், மீன் செதில்ல இருக்கறதும் அதேதானே. நாமே எடுப்போம்.”

சார் நல்ல மனிதர். யோசனை வந்தால் தாங்கமாட்டார், அவ்வளவுதான். அவர் யோசனை சொல்வார், நாற்றம் எனக்கு வரும். ஆனால் அப்போது எனக்கும் வேறு வழியில்லை. ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் பாக்கி. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு ஓடிக்கொண்டிருந்தது. செங்கல்பட்டில் ஒரு கல்லூரி எனக்கு விரிவுரையாளர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஆனால் குறிப்பிட்ட மாதக் கடைசிக்குள் ஆய்வுச் சுருக்கத்தைச் சமர்ப்பித்த சான்று காட்ட வேண்டும். முப்பத்து நாலு வயதில் முதல்முறையாக ஒரு வேலை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அந்த அத்தியாயம் முடிந்தால் வேலை, முடியாவிட்டால் இல்லை.

மறுநாள் காலை புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே மீன் வெட்டிக் கொடுக்கும் அக்கா ஒருவர் உண்டு. அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்தால் மூன்று பேர் வாங்கிய மீனை ஒரே நேரத்தில் வெட்டுவார், நாலாவது ஆளோடு சண்டையும் போடுவார்.

“இன்னாமா, கொயம்புக்கா, வறுக்கவா?”

“மீன் வேணாம்க்கா. செதில் மட்டும் வேணும்.”

அரிவாள்மனையில் ஓடிக்கொண்டிருந்த கை நின்றது.

“இன்னாது?”

“செதில்க்கா. சங்கரா, கொடுவா, ரெண்டும் பரவாயில்ல.”

“ஊர்ல எல்லாரும் மீன வாங்கினு செதில வாணாம்பாங்க. நீ மீன வாணாம்னுட்டு செதில கேக்கற. வூட்ல எதனா பிரச்சனையாமா?”

“கேன்சர் மருந்தைச் சோதிக்கறதுக்குக்கா.”

அக்கா குரலைத் தணித்தார். “யாருக்கு?”

“யாருக்கும்னு இல்லக்கா. எல்லாருக்கும்தான்.”

இதைக் கொஞ்சம் கர்வத்தோடுதான் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது. அக்கா பக்கத்தில் குவிந்து கிடந்த செதிலை இரண்டு கையாலும் அள்ளி என் டப்பாவில் போட்டார். பைசா வாங்கவில்லை. “கேன்சருக்குன்ற. போ, ஒயுங்கா பண்ணு” என்றார்.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் காலை பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. அன்று எனக்கு முழு சீட்டே கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார். முன் சீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே வந்தார். கண்டக்டர் என் டப்பாவைப் பார்த்து, “அதுக்கும் ஒரு டிக்கெட் எடுத்துடுமா” என்றார். பஸ்ஸே சிரித்தது. டப்பாவைத் திறந்து காட்டட்டுமா என்று கேட்டேன். சிரிப்பு நின்றது.

செதிலிலிருந்து கொலாஜன் எடுப்பது கஷ்டமான வேலை இல்லை, பொறுமையான வேலை. எனக்கு இல்லாதது அதுதான். கழுவி, காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்து, சுண்ணாம்புச் சத்தை நீக்கி, அமிலத்தில் கரைத்து, நாள் கணக்கில் காத்திருந்தால் கடைசியில் கஞ்சித்தெளிவு மாதிரி ஒன்று வரும். அதில் செல்களைக் கலந்து உறையவைத்தேன். உருண்டைகள் அழகாக வந்தன. மருந்து ஊற்றினேன். எல்லாம் செத்துப்போயின. வெளியே இருந்தவை, உள்ளே இருந்தவை என்ற பேதமில்லாமல், தட்டில் சாவது போலவே.

இது எங்களுக்குத் துக்கச் செய்தி. உடம்பில் இருக்கும் கட்டி அவ்வளவு லேசில் சாவதில்லை. அதனால் ஜெல்லுக்குள் இருக்கும் உருண்டையும் மருந்தோடு கொஞ்சமாவது மல்லுக்கட்ட வேண்டும். அப்போதுதான் ஜெல் உடம்பைப் போல இருக்கிறது என்று சொல்ல முடியும். முதல் தடவை, கை பழகவில்லை என்று முடிவுசெய்து அந்தப் பக்கத்தை நோட்டில் குறுக்குக்கோடு போட்டு அடித்தேன்.

அடுத்த வாரம் அக்காவிடம் பஸ்ஸில் நடந்ததைச் சொல்லிப் புலம்பினேன். “படிச்ச புள்ள, பாவம்” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வந்தார். அன்று நாற்றம் வெகுவாகக் குறைந்திருந்தது. பக்கத்து சீட்டில் ஒருவர் மாமல்லபுரம் ரோடு வரை தூங்கிக்கொண்டே வந்தார். நான் புதிதாக வாங்கியிருந்த இறுக்கமான மூடியைத்தான் மெச்சிக்கொண்டேன். கணவரிடம் அந்த மூடியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். அவர் அணுபுரத்தில் ஏசி ரிப்பேர் பார்ப்பவர், மூடிகளைப் பற்றி ஓரளவு கேட்பார்.

அந்த வாரம் காஸ்டிக் சோடாவில் போட்டதும் தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆனது. ‘மீன் ரத்தம், சாதாரணம்’ என்று நோட்டில் எழுதினேன். ஜெல் லேசான மஞ்சளில் வந்தது. சார் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “தங்க நிறம்மா!” என்றார். இயற்கை நிறம் சார், என்று நான் எடுத்துக்கொடுத்தேன்.

மருந்து ஊற்றி இரண்டு நாள் கழித்து நுண்ணோக்கியில் வைத்தேன். நாங்கள் இரண்டு சாயம் ஊற்றுவோம். உயிருள்ள செல் பச்சையாக ஒளிரும், செத்தது சிவப்பாக. போன வாரம் எல்லாம் சிவப்பு. இந்த வாரம் பச்சை! கார்த்திகைக்குப் போட்ட சீரியல் பல்பு மாதிரி பச்சை. பச்சை அடித்த அடியில் சிவப்பு ஓரமாக மங்கலாகத் தெரிந்தது. ‘சிறிதளவு இறப்பு’ என்று எழுதினேன்.

வெறும் ஜெல்லைத் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. செல் இல்லாத ஜெல் இருட்டாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் மற்றதைப் பார்க்கவேண்டும். புதிதாக வருகிற மாணவர்கள் அதைச் செய்யாவிட்டால் நான் திட்டுவேன். எனக்கு நேரமில்லை. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

சார் கண்ணை நுண்ணோக்கியில் வைத்தவர் எடுக்கவே இல்லை. “தாங்குதும்மா! நம்ம ஜெல்லுல மருந்தைத் தாங்குது! உடம்புல நடக்கற மாதிரியே நடக்குது!” என்று கூவினார். பக்கத்து ஆய்வகத்தில் இருந்தவர்களைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார். மைசூர்பாகு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். இன்னும் இரண்டு முறை செய்தேன். இரண்டு முறையும் பச்சை. ஒவ்வொரு முறையும் மைசூர்பாகு. ஆய்வுக் குழுக் கூட்டத்துக்கு வெள்ளிக்கிழமை மதியம் என்று நாள் குறித்தார்கள். குழு சரி என்று கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை சுருக்கத்தைச் சமர்ப்பித்துவிடலாம். கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போக இரண்டு காட்டன் சேலைகூட எடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கணவருடைய வெள்ளைச் சட்டையில் மீன் குழம்பு சிந்தியிருந்தது. நெஞ்சுக்கு நேராக ஒரு மஞ்சள் கறை. சோப்பைத் தேய்த்தேன். கறை சிவந்தது.

கறை எப்போதும் சிவக்கும். அம்மா வீட்டில் சிவந்தது, இந்த வீட்டிலும் சிவக்கிறது. மஞ்சளோடு சோப்பு, சுண்ணாம்பு மாதிரிக் காரப்பொருள் சேர்ந்தால் சிவப்பு. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு கலக்கிய எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். என் கல்யாணத்தில் மட்டும் நாலு தடவை ஆரத்தி எடுத்தார்கள். சோப்பு நுரையோடு கையை அப்படியே வைத்துக்கொண்டு அந்தச் சட்டையைப் பார்த்தேன். காஸ்டிக் சோடா. சிவப்புத் தண்ணீர். தங்க நிற ஜெல். மீன் ரத்தமாம், சாதாரணமாம்!

மஞ்சளுக்கு இன்னொரு குணமும் உண்டு, அது ஆரத்தி எடுப்பவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் நுண்ணோக்கியின் நீல ஒளியில் வைத்தால் மஞ்சள் தானாகவே பச்சையாக ஒளிரும்.

“ஏன் சட்டைய வெச்சினு அழுவற? போனா போவுது, வேற சட்டை கீது” என்றார் கணவர். விஷயத்தைச் சொன்னேன். அவர் சட்டையை என் கையிலிருந்து வாங்கி வாளியில் போட்டார்.

“இது யாருக்குத் தெரியும்?”

“எனக்கு. இப்ப உங்களுக்கு.”

“நான் யாராண்டயும் சொல்லமாட்டேன். நீயும் சொல்லாத. டிகிரிய வாங்கினு, வேலைல குந்திகினு, அப்பறமா பொறுமையா கண்டுபுடி.”

அவரைத் திட்டினேன். அவர் சொன்னதைத்தான் அந்த நேரத்தில் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் கொஞ்சம் அதிகமாகவே திட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக மார்க்கெட்டுக்குப் போனேன். அக்கா, செதில்ல மஞ்சள் எதுவும் போடறீங்களா, என்று கேட்டேன். ஒருவேளை இல்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்று எனக்குள் ஓர் ஆசை இருந்தது.

“பின்ன?” என்றார் அக்கா. “மஞ்சாத்தூளும் உப்பும் போட்டு நல்லா அலசித்தான் குடுக்கறன். பஸ்ல ஒரே பேஜாரா கீதுன்னு நீதான சொன்ன. அதுவும் மருந்துக்குன்ற. ஒரு ஒடம்புக்குள்ள போற பொருள அப்டியே கவிச்சியோட குடுக்க முடியுமா? ஏம்மா, பத்தலியா? இன்னும் கொஞ்சம் போடட்டா?”

போதும்க்கா, என்றேன். அவர்மேல் கோபப்பட முயன்றேன். எதற்கெடுத்தாலும் வரும் என் கோபம் அன்று பார்த்து வரவில்லை.

பஸ்ஸில் ஒரு மணி நேரம் எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். குழுவில் இருக்கும் ஐந்து பேரும் மீன் வெட்டியதில்லை. அக்கா குழுவுக்கு வரப்போவதில்லை. மஞ்சள் நல்ல பொருள். நாட்டில் யார் எவ்வளவு தப்பு செய்கிறார்கள், நான் ஒருத்தி ஒரே ஒரு அத்தியாயம். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை இந்த வக்கீல் நன்றாகவே பேசினாள். ஆய்வகத்துக்குப் போனதும் முதல் வேலையாக, ஆறு வாரம் முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். செல் எதுவும் போடாத வெறும் ஜெல்லை நுண்ணோக்கியில் வைத்தேன். பச்சை. உயிரே இல்லாத ஜெல் என் கணக்குப்படி ஆரோக்கியமாக இருந்தது.

சார் தன் அறையில் மதியக் கூட்டத்துக்குப் படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். மேசைமேல் மைசூர்பாகு டப்பா புதிதாக ஒன்று இருந்தது. எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். சட்டை, சோப்பு, அக்கா, வெறும் ஜெல்.

“மஞ்சள் உடம்புக்கு நல்லதுதானேம்மா?” என்றார் சார், மெதுவாக.

“நல்லதுதான் சார்.”

“அதை வெச்சு ஏதாவது...”

“சார்.”

“சரி, சரி.” எழுந்து போய் அவரே நுண்ணோக்கியில் பார்த்தார். “சிவப்பு ஓரமா தெரிஞ்சுதே, நானும் பாத்தேன்” என்றார். “பாக்கலைன்னு நெனச்சுக்கிட்டேன்.” பிறகு மைசூர்பாகு டப்பாவை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

மதியம் குழுவின் முன்னால் அந்த வெறும் ஜெல்லின் படத்தைத்தான் முதலில் காட்டினேன். இதில் செல் எதுவும் இல்லை, என்றேன். காரணத்தையும் சொன்னேன். ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றப் பார்த்தார். இன்னொருவர் எந்த மஞ்சள், விரலியா குண்டா என்று கேட்டார். தலைவராக இருந்த அம்மா மட்டும் சிரிக்காமல், நான் குறுக்குக்கோடு போட்டு அடித்த, மஞ்சள் படாத முதல் வாரத்துப் பக்கத்தைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு முறை படித்தார். ஐந்து பேரும் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். மஞ்சள் இல்லாமல் மூன்று முறை செய்துவிட்டு வா, நீட்டிப்புக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம் என்றார்கள். மூன்று முறை என்றால் இன்னும் ஒரு மாதமாவது ஆகும். அன்று மாலையே கல்லூரிக்குப் போன் செய்து, என்னால் மாதக் கடைசிக்குள் முடியாது என்று சொன்னேன். பட்டியலில் அடுத்து இருப்பவரைக் கூப்பிட்டுக்கொள்கிறோம், பரவாயில்லை மேடம், என்றார்கள். அந்த மேடம் என்ற சொல்தான் தாங்கவில்லை.

புதுப்பட்டினத்தில் இறங்கியபோது பொழுது சாயவில்லை. அக்கா கடைசி மீனை வெட்டி முடித்து, தண்ணீர் ஊற்றி இடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டு போய்விடப் பார்த்தேன். விடுவாரா?

“இன்னாமா, காத்தால மஞ்சாவ பத்தி கேட்டுட்டு ஒண்ணும் சொல்லாம போய்ட்ட? மூஞ்சி ஏன் இப்டி கீது?”

அங்கேயே, மீன் தண்ணீர் ஓடும் இடத்தில் நின்றுகொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன். மஞ்சளால்தான் எல்லாம் உயிரோடு இருப்பது மாதிரி தெரிந்தது. நிஜத்தில் எதுவும் தப்பிக்கவில்லை. என் கடைசி அத்தியாயம் போயிற்று, வேலையும் போயிற்று.

அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. “அய்யய்யோ, என்னாலயாமா?”

“இல்லக்கா. நான்தான் சரியா பாக்கல.”

அவர் வாளியைக் கீழே வைத்தார். நான் சொன்னதில் ஏதோ ஒன்று அவருக்குப் பிடிபடவில்லை என்று தெரிந்தது.

“இரு இரு. நீ ஊத்துனது கேன்சர் மருந்துதான?”

“ஆமாம்க்கா.”

“அந்த உருண்டைல இருந்ததும் கேன்சர்தான?”

“ஆமாம்.”

“மருந்து ஊத்துனதும் அது செத்துப்போச்சா?”

“செத்துப்போச்சுக்கா. முதல் வாரமே எல்லாம் செத்துப்போச்சு.”

“பின்ன இன்னாத்துக்குமா அழுவற?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஜெல், மாதிரி, உடம்பைப் போன்ற சூழல் என்று என்னிடம் விளக்கம் எல்லாம் இருந்தது, அத்தனையும் சரியான விளக்கம்தான். ஆனால் ஆறு வாரம் நான் விடியற்காலையில் எழுந்து, பஸ் பிடித்து, நுண்ணோக்கியில் கண்ணை வைக்கும் ஒவ்வொரு நாளும், அந்தப் புற்றுநோய் பிழைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அது பிழைத்ததாக நம்பி மூன்று டப்பா மைசூர்பாகு தின்றோம். அது செத்தது என்று தெரிந்து இப்போது தெருவில் நின்று அழுகிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

“தெரியலக்கா” என்றேன்.